பங்காளிக்கு வைத்த பத்திரிகை

அந்த அக்கா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. எனக்கு அவரிடம் பயம் வந்ததே அதனால்தான். திட்டுகிறவர்கள் திட்டி முடித்ததும் சோறு தின்னப் போய்விடுவார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டுக்கொள்வார். பிறகு நாம் மறந்தே போன ஒரு நாளில், நாம் கொடுத்ததை அதே அளவில் திருப்பிக் கொடுப்பார். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் தினமும் காலையில் வாசல் பெருக்கி, குப்பையை அக்கா வீட்டு வாசல்வரை தள்ளிவிட்டுப் போவாள். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்கழி பிறந்தது. தெருவில் எல்லார் வாசலிலும் கலர் கோலம். அக்கா தண்ணீர் தெளித்து, அந்தக் குப்பையை மட்டும் நடுவில் அப்படியே விட்டு, அதைச் சுற்றி வாசலை அடைத்து ஒரு தாமரைக் கோலம் போட்டார். செம்மண் கரை கட்டினார். குப்பையின் உச்சியில் ஒரு பூசணிப் பூவும் வைத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது, நடுவுல?"

"எதிர்வூட்டுக் குப்பைங்க. தெனமும் ஆசையா குடுத்தனுப்பறாங்க. தூக்கிப் போட மனசு வரல."

மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் முறத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போனாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், அப்புறம் ஆக்டிங் டிரைவர். முதுகு போன பிறகு, பைபாஸ் ஓரம் செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு விடும் கடையில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வண்டிகள். முதலாளி சென்னையில் இருப்பார். வண்டி வெளியே போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. டயர் வெடிக்குமோ, மாடு குறுக்கே வருமோ, எடுத்துப் போனவன் வண்டியை விற்றுவிடுவானோ என்று உட்கார்ந்திருப்பேன். "வண்டி அவருது, பிபி உனுதா?" என்று என் மனைவி கேட்பாள். அதற்கென்றே கடவுள் கொடுத்ததுபோல் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா நாற்பதைத் தாண்டித்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவன் அவருக்குப் பிள்ளை வயசு. தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே, "பொம்பளைங்களுக்கு வண்டி கையில காலுல வராது, வாயிலதான் வரும்" என்று தினமும் ஒரு தடவை சொல்வானாம். பின்சீட்டில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சிரிப்பாராம். லைசென்ஸ் வந்த வாரமே எங்கள் கடையில் ஒரு வண்டி எடுத்தார். ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு நேராக அவனிடம் போனார்.

"சார், உங்க ஸ்டூடண்ட் எப்படி ஓட்டறான்னு ஒரு ரவுண்டு வந்து பாருங்க."

அவனும் ஏறிவிட்டான். இந்த வண்டியில் அவன் பக்கம் பிரேக் கிடையாது. ஓமந்தூர் போகிற ரோட்டில் பஸ்ஸையும் டிராக்டரையும் அக்கா ஏறிக் கடக்கக் கடக்க, அவன் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான். ஊரைத் தாண்டி, மனுஷ நடமாட்டம் இல்லாத இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

"எறங்கிக்கோங்க சார். பஸ்ஸு வரும். இங்கருந்து நான் வாயாலயே ஓட்டிக்கினு போயிடறேன்."

இதைக் கேட்டு நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அவன் போலீசுக்குப் போயிருந்தால் வண்டி எங்கள் வண்டி அல்லவா?

அக்கா பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குத் தவறாமல் போவார். என் முதுகு போவதற்கு முன்னால் ஒரு தடவை அக்காவோடும், கூட வந்த எங்கள் தெருப் பெண்களோடும் நான் வண்டி ஓட்டிப் போனேன். அதில் ஒரு பெண், "உங்க ஓரகத்தி பேரைச் சொல்லி வக்கிரகாளி கிட்ட ஒரு எலுமிச்சம்பழம் வச்சிட்டு வரலாமில்லக்கா? அவ பண்ணதுக்கு ஆத்தா பாத்துக்குவா" என்றாள். ஓரகத்தி என்றால் அக்காவின் கணவருடைய அண்ணன் மனைவி. விழுப்புரத்தில் இருந்தார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆத்தாளுக்கு ஊர் உலகத்து வேலை எவ்ளோ கெடக்குது. இது நம்ம வேலை. நாமதான் பாத்துக்கணும்."

ஓரகத்தி பண்ணியது என்ன என்று வண்டியில் இருந்தவர்களில் அக்காவைத் தவிர எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். ஏனென்றால் அது நடந்த அன்றும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நான்.

அக்காவின் கணவர் இறந்து வருஷம் திரும்புவதற்குள் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பத்திரிகை வைக்கக் கடலோரத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக வேண்டும். மரக்காணம், கூனிமேடு, காலாப்பட்டு என்று எல்லாம் அவர் கணவர் வழி உறவு. விழுப்புரத்துப் பெரியவர், அதாவது கணவரின் அண்ணன், ஒரு கார் பேசினார். டிரைவராக நான் போனேன். பெரியவர் முன்சீட்டில். பின்னால் பட்டுப்புடவையில் ஓரகத்தியும், பக்கத்தில் அக்காவும். அக்காவின் மடியில் தாம்பாளத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

மரக்காணத்தில் முதல் வீடு, அக்காவின் கணவருக்கு அத்தை, அந்தச் சொந்தத்திலேயே மூத்தவர். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கப் போனார்.

"நீ எறங்காத" என்றார் ஓரகத்தி. "நல்ல காரியம். புருஷன் இல்லாதவ கையால வச்சா எவ வாங்குவா? நாங்க சோடியா போய் வச்சிட்டு வந்துடறோம்."

"என் பொண்ணு கல்யாணங்கக்கா."

"அதனாலதான் கூட இட்டுக்கினு வந்திருக்கோம். அம்மாக்காரி எங்கன்னு கேட்டா வண்டியில இருக்கான்னு காட்டலாமில்ல?"

பெரியவர் அக்காவைப் பார்க்கவில்லை. வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டே, "வண்டியிலயே இருக்கச் சொல்லு. நேரமாவுது" என்றார்.

தட்டு அக்காவின் மடியிலிருந்து ஓரகத்தியின் கைக்குப் போனது. இருவரும் உள்ளே போனார்கள். சித்திரை வெயில். நானும் அக்காவும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு மருமகள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். பின்சீட்டில் இருக்கிறவரைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் சொம்பைப் பின்னால் நீட்டினேன்.

"நீ குடி தம்பி" என்றார். "நான் இவங்க வூட்டுக்கு உள்ள உட்காந்து குடிப்பேன். நீ பாக்கத்தான் போற."

எல்லா வீட்டு வாசலிலும் இதேதான். காலாப்பட்டில் ஒரு கிழவி வெளியே வந்து எட்டிப் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அக்காவின் முகம் மாறியது. திரும்பி வரும்போது ஓரகத்தி அசதியில் தூங்கிவிட்டார். அவர் தலை சாய்ந்து சாய்ந்து அக்காவின் தோளில் விழுந்தது. அக்கா அதைத் தள்ளவில்லை. விழுப்புரம்வரை அப்படியே தாங்கிக்கொண்டு வந்தார். நான் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டார், பிடுங்கினார், இரண்டாவது பெண்ணைப் படிக்க வைத்தார். விழுப்புரத்துக்குப் பொங்கலுக்குப் போனார், தீபாவளிக்குப் போனார். ஓரகத்தியை "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிட்டார். மறந்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது பெண் கல்யாணம் நிச்சயமானது. அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தார்.

"தம்பி, வியாழக்கிழமைக்கு வெள்ளை வண்டி ஒன்னு வேணும். காலையில எடுத்தா பொழுது சாய வுட்டுடுவேன்."

"யாருக்கா ஓட்டறது?"

"நான்தான். தனியாத்தான் போறேன். பத்திரிகை வைக்க."

"தனியாவா? அக்கா, பத்திரிகை..."

"வாங்குவாங்களான்னு கேக்கற. மரக்காணத்து அத்தை வாங்கிட்டா எல்லாரும் வாங்குவாங்க. அவங்க வாங்கலன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. சத்திரத்துல மாப்பிள்ளை வூட்டுக்காரங்க மட்டும் உட்காந்திருப்பாங்க. என் பொண்ணு காலத்துக்கும் பேச்சு வாங்குவா." சொல்லிவிட்டுச் சாவி மாட்டியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விழுப்புரத்துல அவங்களையும் ரெடியா இருக்கச் சொல்லியிருக்கேன். காலையிலயே வண்டி வரும், பட்டு கட்டிக்கினு உட்காந்துடுங்கன்னு. டிரைவர் நம்பர் கேட்டாங்க. உன் நம்பரைக் குடுத்திருக்கேன்."

"என் நம்பரா? நான் எங்க்கா ஓட்டறேன்?"

"அன்னைக்கு வந்த அதே டிரைவர்தான்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷம்னாங்க."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கடலோரம் முழுக்கப் போய்ப் பத்திரிகை வைத்து முடிக்கிறவரை விழுப்புரத்தில் அவர்கள் இருவரும் பட்டு உடுத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தனியாகப் போகிறார் என்று நடுவில் தெரிந்தால் பெரியவர் சும்மா இருக்கமாட்டார். வீட்டுக்கு வீடு போன் போட்டு, அவள் கையால் வாங்காதீர்கள் என்று சொல்லிவிடுவார். கல்யாணம் அதோடு போச்சு. அதைத் தடுக்க வேண்டியவன் நான். பொய் சொல்லும்போது குரல் நடுங்குகிற நான்.

"எனக்கு வராதுக்கா. மாட்டிக்குவேன்."

"பெரியவர் அன்னைக்கு உன்னை இன்னானு கூப்புட்டாரு?"

அன்று முழுக்க "டேய்" என்றுதான் கூப்பிட்டார். காலாப்பட்டில் என் சாப்பாட்டு இலையை வண்டிக்குப் பின்னால் தரையில் போடச் சொன்னார். நான் மறந்திருந்தேன். அக்கா மறக்கவில்லை. என்னுடையதையும் சேர்த்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை வெளிர்நீலப் பருத்திப் புடவையில் வந்தார். பின்சீட்டில் தட்டுகள், வெற்றிலை, பழம், பத்திரிகைக் கட்டு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். விழுப்புரம் போகிற பக்கம் திரும்பாமல் மரக்காணம் ரோட்டில் பச்சைப் புள்ளி நகர்ந்தது.

முதல் போன் சீக்கிரமே வந்துவிட்டது.

"டேய் டிரைவரு, எங்க வந்துக்கினு இருக்க?"

"கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேங்கய்யா." கூட்டேரிப்பட்டு விழுப்புரம் வழியில் இருக்கிறது. புள்ளி அப்போது மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஜல்தி வாடா. தெருவே பாத்துக்கினு நிக்குது."

மரக்காணத்து அத்தை வீட்டு வாசலில் புள்ளி சிவப்பானது. சிவப்பாகவே இருந்தது. நான் டீ வாங்கி ஆறவிட்டேன். வாங்கவில்லையோ? திருப்பி அனுப்பிவிட்டார்களோ? பெரியவரின் போன் மறுபடியும்.

"விக்கிரவாண்டி டோல்கேட்டுல மாட்டிக்கினேங்கய்யா. வண்டி நவுரவே மாட்டேங்குது."

"பேஜாருடா உன்னோட. நான் மரக்காணத்துக்கு ஒரு போனைப் போட்டு, கொஞ்சம் லேட்டாவும்னு அத்தை கிட்ட சொல்லிடறேன்."

அவர் போன் அடித்தால் அத்தை எடுப்பார். பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருப்பார்.

"ஐயா, வேணாங்கய்யா." என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "போன்ல சொல்லிட்டீங்கன்னா... போன்லயே அழைச்ச மாதிரி ஆயிடுமேங்க. அப்புறம் நேர்ல தட்டோட போனா, வாயால கூப்புட்டுட்டு இப்ப சும்மா வந்தாங்கன்னு பேசுவாங்க. பெரியவங்க நீங்க. முறை தெரியாதவங்க மாதிரி ஆயிடும்."

முறை என்ற ஒன்றுக்காகத் தம்பி மனைவியை வெயிலில் உட்கார வைத்தவர் அவர்.

"அதுவும் சரிதான்" என்றார். "பரவால்லடா. உனக்குக் கூட விஷயம் தெரியுது."

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தோடு வருகிற சிரிப்பு. ஆனால் இனித்தது. அன்று போட்ட இலையிலிருந்து அதுவரை அப்படி இனித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டார். "வாங்கிக்கினாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உள்ளே நடந்ததைப் பிறகுதான் சொன்னார். தட்டோடு வாசலில் நின்றவரைப் பார்த்து அத்தை கேட்டாராம்.

"யாரு வந்திருக்காங்க?"

"நான்தாங்கத்தை வந்திருக்கேன்."

"வண்டியில யாரு?"

"யாருமில்ல. நானே ஓட்டிக்கினு வந்தேன்."

அத்தை வெளியே வந்து, காரின் முன்சீட்டையும் பின்சீட்டையும் குனிந்து பார்த்தாராம். நிமிர்ந்து, "அன்னைக்கு நீ வண்டிக்குள்ள உட்காந்திருந்தப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். வெளிய வர எனக்கு வாய் இல்ல. உள்ள வந்து மோர் குடி" என்றாராம்.

"நீங்க பத்திரிகையை வாங்குங்க. அப்புறம் குடிக்கறேன்."

அத்தை வெளிவாசலிலேயே, தெரு பார்க்க, இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறார். அப்புறம் உள்ளே போய் அக்கா ஒரு சொம்பு மோரும் குடித்திருக்கிறார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கியும் குடித்திருக்கிறார். அத்தை வாங்கிய செய்தி புள்ளியை விட வேகமாக முன்னால் போனது. கூனிமேட்டில் வாசலுக்கே வந்து அழைத்தார்களாம்.

மதியத்துக்குமேல் புள்ளி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. வரைபடத்தில் அங்கே வீடே இல்லை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் நீலம். உடனே கூப்பிட்டேன்.

"இன்னாக்கா ஆச்சு? ஏன் நின்னுட்டீங்க?"

காற்றின் இரைச்சல்தான் முதலில் கேட்டது. "கடலைப் பாக்கறேன்டா. இவ்ளோ கிட்டயா இருக்குது? அன்னைக்கு மடியில தட்டை அடுக்கி வச்சாங்க இல்ல, ஒன்னும் தெரியல."

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். அவங்க இன்னா பண்றாங்க?"

"பெரியவரு நாற்காலியை வாசல்ல போட்டு உட்காந்திருக்காராம்."

"வெயில் வருதா அங்க?"

"வரும்னு நெனைக்கறேங்க்கா."

"வரட்டும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினார்.

பெரியவருக்கு நான் டயர் பஞ்சர் என்றேன், ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்றேன், கடைக்காரன் சாப்பிடப் போயிருக்கிறான் என்றேன். பொய் ஒவ்வொன்றும் முந்தியதை விடச் சுலபமாக வந்தது. நாலு மணி வாக்கில் மறுபடியும் அதே எண். எடுத்தால் ஓரகத்தியின் குரல். மெதுவாக, யாருக்கும் கேட்காமல் பேசுகிற குரல்.

"தம்பி, நீ ரோட்டுல இல்ல."

"இல்லைங்கம்மா, இதோ இங்க..."

"ஒவ்வொரு தடவை அவரு பேசறப்பவும் பின்னாடி ஒரே சத்தம் கேக்குது. வண்டி கழுவற மெஷின் சத்தம். காலையிலருந்து அதே எடத்துலதான் இருக்க."

எங்கள் கடையை ஒட்டித்தான் வாட்டர் சர்வீஸ். இத்தனை கவலைப்படுகிற நான் அதை யோசிக்கவேயில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அவதான் ஓட்டிக்கினு போறாளா?"

"ஆமாங்கம்மா."

"தனியாவா?"

"தனியாத்தாங்க."

"வாங்கிக்கினாங்களா, அவ கையால?"

"வாங்கிக்கினாங்கம்மா. எல்லாரும்."

பெருமூச்சா, புடவை உரசுகிற சத்தமா தெரியவில்லை. "அவரு நாற்காலியிலயே தூங்கிட்டாரு. அவருகிட்ட சொல்லாத. காலையில ரெண்டாவது போன்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவளை மெதுவா ஓட்டிக்கினு வரச் சொல்லு. நான் புடவை மாத்தல, இங்கயேதான் இருக்கேன்."

அக்காவிடம் இதை உடனே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் கை ஸ்டியரிங்கில் எப்படி இருக்குமோ என்று பயந்தேன்.

புள்ளி புதுச்சேரியைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் விழுப்புரத்தில் நின்றது. அங்கேயாவது அக்கா கூச்சல் போடுவார், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்பார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் செய்தது வேறு. எங்கள் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பத்திரிகை வைப்பதில்லை. அவர்கள் அழைக்கிற வீட்டுக்காரர்கள். கூட நின்று ஊரை அழைக்க வேண்டியவர்கள். அக்கா வண்டியிலிருந்து இறங்கினார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்து, மேலே பத்திரிகையை வைத்து, தெருவே பார்க்க, பட்டு வேட்டி கசங்கி நின்ற பெரியவர் முன்னால் குனிந்து நீட்டினார்.

"குடும்பத்தோட வந்து பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணணுங்க."

அயலாருக்குச் சொல்கிற அதே வார்த்தை. ஒரு சொல்லில்கூட மரியாதைக் குறைவு இல்லை. பெரியவர் கையை நீட்டவில்லை. பின்னாலிருந்து ஓரகத்தி வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் சத்திரம் நிறைய நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்து அத்தையின் மகனும் மருமகளும் தாரை வார்த்தார்கள். பெரியவர் வந்து, மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் விருந்தாளிபோல் உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை இருட்டின பிறகுதான் அக்கா வண்டியைக் கொண்டுவந்து விட்டார். நான் விளக்கடித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவரோட அவளும் வாசல்லயே உட்காந்திருந்தாளாம்டா, நாள் முச்சூடும். பட்டுப் புடவை வேர்வையில தொப்பையா நனைஞ்சிருந்துச்சு."

எனக்கு மனசில் நிற்கவில்லை. சொல்லிவிட்டேன். மெஷின் சத்தம், நாலு மணிப் போன், இரண்டாவது போனிலேயே தெரிந்துகொண்டது, எல்லாவற்றையும்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"தெரிஞ்சுக்கினேவா உட்காந்திருந்தா?"

"ஆமாங்க்கா."

"பெரியவர் கிட்ட சொல்லலையா?"

"சொல்ல வேணாம்னு அவங்கதான் சொன்னாங்க."

எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு உட்காந்தா?" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "நான் உட்கார வச்சேன்னு நெனைச்சேன். அவளா உட்காந்தான்னா அதுக்கு என்னடா பேரு?"

மேசைமேல் வைத்த சாவியை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் இந்த வண்டி எனக்குத்தான்."

"எதுக்குக்கா? எல்லார் வூட்டுலயும் வச்சாச்சே?"

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை புள்ளி நேராக விழுப்புரம் போனது. அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு புதுச்சேரி வழியாகக் கடலோரத்துக்கு வந்து, மேலே ஏறி, மரக்காணத்து அத்தை வீட்டு வாசலில் நின்றது. எனக்கு விஷயம் விளங்கியது: ஓரகத்தியை ஏற்றிக்கொண்டு போய், அன்று தன்னை வைத்ததுபோல் வண்டியிலேயே உட்கார வைத்திருக்கிறார். ஓரகத்திக்கு வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. சர்க்கரை வேறு. முந்தின நாள் முழுக்கச் சாப்பிட்டாரோ இல்லையோ. வைகாசி வெயிலில், இஞ்சின் அணைத்த வண்டிக்குள் இருக்கிற சூடு எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் கெஞ்சலாம் என்று போனை எடுத்தேன்.

புள்ளி சிவப்பாகியிருக்கவில்லை. மஞ்சளாக இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே இஞ்சின் மட்டும் ஓடினால் அந்த நிறம் வரும். யாராவது உள்ளே உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டிருந்தால்தான் அப்படி ஓடும்.

நான் கூப்பிடவில்லை. மரக்காணத்தில் மஞ்சள், கூனிமேட்டில் மஞ்சள். காலாப்பட்டில் ரொம்ப நேரம் மஞ்சள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அக்கா போய் உட்கார்ந்து ஆற அமரப் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே அழைக்கப்படாமல், வேர்க்காமல்.